அப்பாவின் பழைய அம்ப்ளிபயருக்குப் பதிலாக எதை வாங்கலாம்?

நோர்வூட் தம்பி:
வணக்கம் அண்ணன்மார். கல்யாணம், திருவிழா வீடியோக்களைத் தோட்டத்து வீட்டிலேயே எடிட் பண்ணிக் கொடுப்பதுதான் என் தொழில். கம்ப்யூட்டரோடு பூட்டியிருப்பது, அப்பா 1994இல் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி, ரயிலில் ஹட்டன் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஸ்டீரியோ அம்ப்ளிபயர்.

இப்போது இடது பக்கம் திடீரென்று அடங்கிவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் திரும்பி வரும். குமிழைத் திருப்பினால் கரகரப்பு. ஆனி, ஆடி மழையில் சுவரே வியர்க்கும், அப்போது இன்னும் மோசம். மாசியில் எடுத்த காமன் கூத்து வீடியோ கையில் இருக்கிறது. தப்படி இரண்டு பக்கமும் சரியாக விழுகிறதா என்று ஹெட்போனில் கேட்டுக் கேட்டுக் காது வலிக்கிறது.

ஸ்பீக்கர்கள் 8 ஓம், நன்றாக இருக்கின்றன. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கையில் 15,000 ரூபாய். ‘100 வாட்’ என்று போட்ட, கையளவு கிளாஸ்-டி அம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே டிபிஏ3116 சிப். வாங்கலாமா?

ஹட்டன் ரிப்பேர்:
தம்பி, வால்யூமைக் கூட்டினால் வருகிறது என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேதான், அதாவது ஸ்பீக்கரை அம்ப்போடு இணைக்கும் தானாக இயங்கும் சுவிட்ச். உள்ளே முனைகள் கறுத்துப்போயிருக்கும், சத்தம் கூடும்போது கரண்ட் அந்தப் படலத்தைத் தாண்டிவிடும். கரகரப்பு குமிழின் கார்பன் தடத்தில். ரிலேயை மாற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் ஓடும். தூக்கிப் போடாதீர்கள். நீங்களாகத் திறக்கவும் வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

பண்டாரவளை:
நான் அதே சிப் போட்ட ஒன்றைத்தான் பாவிக்கிறேன், சுத்தமான சத்தம். ஆனால் அந்த 100 வாட்டை நம்பாதீர்கள். கூட வரும் அடாப்டர் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் சத்தம் உடையாமல், 12 வோல்ட்டுக்குக் கணக்குப்படி 9 வாட்தான். 24 வோல்ட்டுக்கு 36, அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சிப் செய்தவர்களே சொல்வது 21 வோல்ட்டில் 4 ஓமுக்கு 50 வாட், அதுவும் 10 வீதம் சிதைந்த சத்தத்தோடு. உங்கள் அறைக்கு 30 வாட் தாராளம்.

மவுஸை அசைத்தாலே கம்ப்யூட்டரின் பச்சை ஆடியோ துளையிலிருந்து ‘கிர்’ என்று கேட்டால், கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்துச் சத்தத்தை எடுக்கும் சின்ன யூஎஸ்பி டாக் (DAC) ஒன்றும் வாங்குங்கள்.

சரி, முக்கியமான கேள்வி. ஸ்பீக்கர்களுக்கு மொத்தம் எத்தனை வயர் போகிறது?

நோர்வூட் தம்பி:
சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தேன். மூன்றுதான் அண்ணே. வயரை மிச்சம் பிடிக்க, இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயரையும் அப்பா ஒன்றாக்கி விட்டிருக்கிறார். இத்தனை வருஷம் பிரச்சினை இல்லையே?

பண்டாரவளை:
நல்லவேளை, பூட்டுவதற்கு முன்னால் பார்த்தீர்கள். பழைய அம்பில் இரண்டு கறுப்பு முனையும் உள்ளேயே ஒன்றாகச் சேர்ந்திருக்கும், அதனால் ஓடியது. புதியதில் கறுப்பிலும் சத்தம் ஓடுகிறது. சிவப்பு மேலே போகும்போது கறுப்பு கீழே போகும், சின்ன அடாப்டரில் இவ்வளவு வாட் வருவதே அதனால்தான். இரண்டு கறுப்பையும் சேர்த்தால் இடதும் வலதும் ஒன்றோடொன்று மோதும். உள்ளே பாதுகாப்பு வேலைசெய்தால் அம்ப் நின்றுவிடும், இல்லாவிட்டால் சிப்பே போகும்.

நாலாவது வயர் ஒன்று இழுங்கள். அப்புறம் அம்பையும் ஸ்பீக்கர்களையும் கழற்றிவிட்டு, இரண்டு கறுப்புக்கும் நடுவே மீட்டரைப் பிடியுங்கள். தொடர்பு காட்டவே கூடாது.

ஹட்டன் ரிப்பேர்:
அவர் சொல்வது சரி. இன்னொன்று, சித்திரையில் பின்னேரம் இடி தொடங்கினால் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பழைய டிரான்ஸ்போமர் தாங்கியதை எல்லாம் இது தாங்காது.

நோர்வூட் தம்பி:
வயர் இழுத்தாச்சு, மீட்டரிலும் பார்த்தாச்சு. 24 வோல்ட் அடாப்டரோடு வாங்கினேன். நேற்று இரவு கூத்து வீடியோவைப் போட்டேன். இடது பக்கம் நிற்பவரின் தப்பில் மெல்லிய குச்சி விழுவது தனியாகக் கேட்கிறது. அப்பா கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். பிறகு பழையதைக் காட்டி, “இதை என்ன செய்யப்போற?” என்றார்.

ஹட்டன் அண்ணே, சனிக்கிழமை கடை திறந்திருக்குமா? கொண்டுவருகிறேன், ரிலேயை மாற்றிக் கொடுங்கள்.