வேலிடேஷன் வார்னிங்: தமிழ்ல என்ன போடலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.
ஆவணக் காப்பகங்கள்ல பயன்படுத்துற ஆக்ஸெஸ் டு மெமரி மென்பொருளோட திரை வாசகங்களை தமிழாக்கிட்டு இருக்கோம், அடுத்த வாரம் பயிற்சி வகுப்பு, அதுக்குள்ள முடிச்சாகணும். வேலிடேஷன் வார்னிங்ல, அதாவது பதிவு விதிப்படி இல்லைன்னா காட்டுற எச்சரிக்கையில, வந்து நிக்குது. ஒரு விவரணையை (ஆவணத்தைப் பத்தி நாம எழுதுற பதிவை) சேமிச்சதும் பக்கத்து மேல வரும்: தலைப்பு கட்டாயம், குறைஞ்சது ஒரு தேதியாவது வேணும், இந்த மட்டத்துலயோ மேல்மட்டத்துலயோ ஆக்கியோர் பேர் இருக்கணும், இப்படி. காப்பக ஆவணங்களை விவரிக்கிறதுக்கான சர்வதேச விதி ஐசாட்-ஜி, அதுல 26 கூறு, அதுல இன்றியமையாதது 6: குறியீட்டெண், தலைப்பு, ஆக்கியோர், தேதி, அளவு, விவரணை மட்டம். இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் சொல்லும், ஆனா சேமிக்கிறதை தடுக்காது. அதை மனசுல வச்சு சொல்லுங்க. இப்போதைக்கு "செல்லுபடியாக்க எச்சரிக்கை"ன்னு போட்டிருக்கேன்.

----

செல்லுபடி வேண்டாங்க. வகுப்புல நான் பார்த்திருக்கேன், "செல்லாது"ன்னு கண்ணுல பட்டதும் தட்டுனது பூரா வீணாப்போச்சுன்னு நினைச்சு பதிவையே அழிச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கிறாங்க. செல்லாத நோட்டு மாதிரி ஆயிடுது அவங்களுக்கு. எளிமையா "சரிபார்ப்பு எச்சரிக்கை"ன்னு போடுங்க, சான்றிதழ் சரிபார்ப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்.

----

வணக்கம். எங்கட பக்கம் சட்டத் தமிழில செல்லுபடியாகிறதை வலிது, ஆகாததை வலிதற்றது எண்டுதான் எழுதுறனாங்கள். அதிலயிருந்து "வலிதாக்கல்" எண்டு எடுத்தால் வினை, பெயர், எதிர்மறை எல்லாம் ஒரே வேரில வரும். சரிபார்ப்பை இதுக்குக் குடுத்தால் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது மூலத்தோட வச்சு உண்மையோ எண்டு பாக்கிறதுக்கு, என்ன சொல்லப் போறியள்?

----

கேள்வி நியாயம் தான் அண்ணா, ஆனா இங்க வலிதாக்கல்னா வலி உண்டாக்குறதுன்னு தான் முதல்ல படிப்பாங்க.

----

அன்பர்களே, புதுச்சொல் தேடி ஏன் அலையணும். இலக்கணத்துலயே இருக்கு. வழு, வழாநிலை, வழுவமைதி. ஒரு பசுவை "என் அம்மை வந்தாள்"னு சொன்னா திணை வழு, ஆனா உவப்பினால சொன்னதால அமைதின்னு ஏத்துக்கிறோம். உங்க மென்பொருளும் அதைத்தானே செய்யுது? குறை இருக்குன்னு சொல்லுது, ஆனா ஏத்துக்குது. "வழுவமைதிக் குறிப்பு"ன்னு அழகா வைக்கலாம். வெரிஃபிகேஷனுக்கு ஒப்புநோக்கல். திருவெண்ணெய்நல்லூர் அவையில, சுந்தரர் தன் அடிமைன்னு ஒரு முதியவர் ஓலை காட்டுன வழக்கை நினைச்சுப் பாருங்க, கிழிச்சது படியோலை, மூல ஓலை தனியா வந்தது, பாட்டனார் கையெழுத்தை அவர் எழுதுன வேற ஓலையோட ஒப்பு நோக்கித்தான் தீர்ப்பு சொன்னாங்க. காப்பகத்துக்காரங்களுக்கு இதைவிட நல்ல முன்னோடி எங்க கிடைக்கும்?

----

ஐயா, ஒப்புநோக்கல் அருமை, எடுத்துக்கிறேன். ஆனா வழுங்கிற சொல் மென்பொருள்காரங்க கிட்ட பக், அதாவது நிரல் பிழைக்கு போயி ரொம்ப நாளாச்சு, வழுன்னு போட்டா மென்பொருள் கெட்டுப்போச்சுன்னு எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவாங்க.

நான் தினமும் இந்த எச்சரிக்கைகளோட மல்லுக்கட்டுறவன், அதனால ஒண்ணு சொல்றேன். ஒரு தொகுப்புக்கு மேல்மட்டத்துல 1890–1925ன்னு தேதி குடுத்திருக்கோம், உள்ள ஒரு கோப்புக்கு 1931ன்னு போட்டா மேல்மட்டத்தோட ஒத்துப்போகலைன்னு வரும். தட்டுனவர் தப்பா இருக்கலாம், இல்ல கோப்புல பின்னாடி சேர்த்த கடிதம் நிஜமாவே இருந்து மேல்மட்ட வரம்பு தான் தப்பா இருக்கலாம், பெட்டியைத் திறந்து பார்த்தா தான் தெரியும். அதே 1931ஐ கைமாத்தி 1913ன்னு தட்டிட்டா? வரம்புக்குள்ள இருக்கு, சத்தமே வராது. அதாவது இது சரியா தப்பான்னு பார்க்கவே இல்ல, விதியோட பொருந்துதான்னு மட்டும் தான் பார்க்குது. சரிபார்ப்புன்னு பேர் வச்சா, எச்சரிக்கை வரலைன்னா எல்லாம் சரின்னு பசங்க நம்பிடுவாங்க, அது தான் எனக்கு பயம். "விதிப்பொருத்த எச்சரிக்கை"ன்னு வைங்க.

----

விதின்னாலே தலைவிதி, பொருத்தம்னா பத்துப் பொருத்தம், ரெண்டையும் சேர்த்தா ஜாதகக் கட்டம் தான் ஞாபகம் வருது. சரிபார்ப்புக்கு என் ஓட்டு.

----

எனக்கும் சரிபார்ப்பு. பிறகு மாத்தலாம்.

----

எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலானவங்க சரிபார்ப்புன்னு சொல்றதால "சரிபார்ப்பு எச்சரிக்கை"ன்னே போட்டு அனுப்புறேன், இனி நேரம் இல்ல. பயிற்சிக் கையேட்டுல "உங்கள் பதிவு சேமிக்கப்பட்டுவிட்டது, கீழே உள்ளவற்றை மூல ஆவணத்தோடு ஒப்புநோக்குங்கள்"னு ஒரு வரி சேர்த்திருக்கேன், ஐயா சொன்ன சொல் அங்க வந்துடுச்சு. 1913 எடுத்துக்காட்டையும் அப்படியே வச்சிருக்கேன்.

----

என் மறுப்பு பதிவுல இருக்கட்டும். வலிதாக்கலைப் பற்றி ஒருத்தரும் ஒழுங்காப் பதில் சொல்லேல்ல. அதோட இன்னொண்டு, நீங்கள் அனுப்பின கோப்பில ஃபாண்ட்ஸுக்கும் (ஒரே ஆக்கியோரிட்ட இருந்து வந்த முழுத் திரட்டு) "தொகுதி", சில இடத்தில சீரிஸுக்கும் (அதுக்குள்ள வாற பிரிவு) "தொகுதி" எண்டு கிடக்குது. எந்த மட்டத்தைச் சொல்லுது எண்டு தெரியாமல் எச்சரிக்கையை வாசிச்சு என்ன செய்யிறது? அனுப்ப முதல் அதைத் திருத்துங்கோ.