மறு: மறு: தராசில் ‘டேர்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கும் மகளிர் குழு ஒன்று மின்னணுத் தராசு வாங்கியிருக்கிறது. அதன் கையேட்டைத் தமிழாக்கும் வேலை என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டேர்’ பொத்தான் ஒன்றுதான் பாக்கி. ஓலைக்கொட்டானைத் தட்டில் வைத்து இதை அழுத்தினால் எண் பூச்சியமாகிவிடும். பிறகு கருப்பட்டியைப் போட்டால் கருப்பட்டியின் எடை மட்டும் தெரியும். கணினி மொழிபெயர்ப்பு இதற்குக் ‘களைகள்’ என்று போட்டிருந்தது. மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் கோதுமைக்குள் சத்துரு விதைத்துவிட்டுப் போன அதே களைகள்! பழைய ஆங்கில வேதாகமத்தில் அந்தக் களைக்கும் இதே எழுத்துக்கள்தாம். கலம், அதாவது பாத்திரத்தின் எடை என்ற பொருளில் ‘கலவெடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

அம்பாசமுத்திரத்திலிருந்து

> கலவெடை

வேண்டாம் அம்மா. தஞ்சாவூர்க்காரர் இதைப் படித்தால் ஒரு கலம், அதாவது 12 மரக்கால் நெல்லின் எடை என்றல்லவா நினைப்பார்? நெல்லளக்க நமக்கு இங்கே 21 மரக்கால் கொண்ட கோட்டை, அவர்களுக்குக் கலம். முகத்தலளவையில் கலமே அளவு. நாழியைக் கழித்துவிட்டா நாழி அரிசி அளக்கிறோம்? நிறுக்கும்போதுதான் பாத்திரம் தொந்தரவாகிறது. ஆகவே இந்தச் சொல்லை நெற்களத்தில் தேடிப் பயனில்லை, கடையில் தேட வேண்டும்.

கடையில் இருக்கிறது: தடை. என் அப்பா எண்ணெய்க்கடை வைத்திருந்தார். தூக்குச்சட்டியோடு ஆள் வந்தால் முதலில் தடை கட்டுவார். சட்டி ஒரு தட்டில். மறுதட்டில் ஆற்றுக் கூழாங்கல், ஓட்டுச்சில்லு, கடைசியாக முள் நடுவுக்கு வரும்வரை ஒன்றிரண்டு புளியங்கொட்டை. தடைக்கு முத்திரை போட்ட படிக்கல் தேவையில்லை, எது கிடைத்தாலும் போதும். 1958-க்குப் பிறகு கிலோக்கல் வந்து வீசைக்கல்லும் சேர்க்கல்லும் செல்லாமல் போனபோது அப்பா அவற்றை எறியவில்லை. தடைக்கு வைத்துக்கொண்டார். 40 பலம் என்று பெயர் பெற்ற வீசைக்கல், கடைசியில் சட்டிக்கு எதிரே பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து

அண்ணாச்சியின் புளியங்கொட்டைக்கு என் வணக்கம். ஆனால் எல்லோரும் எள்ளிய ‘களை’யை நான் விடுவதாயில்லை. அது செடி மட்டுமா? களைதல் என்றால் நீக்குதல். அரிசி களைகிறோம், ஐயம் களைகிறோம். ‘டேர்’ என்பதே எறியப்பட்டது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கணினி தெரியாமல் வேரில் போய் முட்டியிருக்கிறது!

மேலும், அளவுப் பெயரும் நிறைப் பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்தில்தான் தொடங்கும் என்கிறது தொல்காப்பியத் தொகைமரபு. உரையாசிரியர்கள் கலம், சாடி, தூதை, பானை என்று அடுக்குகிறார்கள். களை இதில் அடங்கும். டேர் அடங்காது, டகரம் மொழிக்கு முதலிலேயே வராது.

‘சமன்’ என்றாலும் எனக்குச் சம்மதமே. 118-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் சொல்வதைப் பாருங்கள்: துலாக்கோல் முன்னே தான் சமனாக நின்று, பின்னேதான் பாரத்தை வரையறுக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, அது பக்கத்துப் பொத்தான். தட்டில் ஒன்றுமே இல்லாதபோது எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. அதற்குச் ‘சுழி’ என்று போட்டாயிற்று. தயவுசெய்து அதைக் கிளற வேண்டாம். தொகைமரபில் ‘த’வும் இருக்கிறதே, தடையும் அடங்குமல்லவா?

தூத்துக்குடியிலிருந்து

நான் இயற்பியல் ஆசிரியன். தடையை ஏற்க முடியாது. என் மாணவர்களுக்குத் தடை என்றால் மின்தடை. போதாக்குறைக்கு இந்தத் தராசின் வயிற்றுக்குள் இருக்கும் உணரியே, பாரத்தால் வளையும்போது தன் மின்தடை மாறுவதை வைத்துத்தான் எடை சொல்கிறது. உள்ளே ஒரு தடை, மேலே ஒரு தடை என்றால் நான் எதை நடத்துவது? தொல்காப்பிய விதி அளவுகளின் பெயருக்கு; பொத்தானுக்கு அல்ல. ‘டேர்’ என்றே எழுதுங்கள். பஸ்ஸை ஏற்றுக்கொண்டோம், இது என்ன பெரிய பாரம்?

அம்பாசமுத்திரத்திலிருந்து

தம்பி, கருப்பட்டி விற்கிறவர்கள் உங்கள் வகுப்பில் உட்காரப் போகிறார்களா?

பாளையங்கோட்டையிலிருந்து

நேற்று உடன்குடிக்கே போய்விட்டேன். ‘தடை’ என்று சீட்டில் எழுதிப் பொத்தானுக்கு மேல் ஒட்டினேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம். அவளுடைய ஆச்சி சீட்டைப் படிக்கவேயில்லை. நான் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு, தடை கட்டுவதைத்தானே சொல்கிறாய் என்று கேட்டார்.

‘தடை கட்டு’ என்று இரண்டு சொல்லாக எழுதி, அடைப்புக்குறிக்குள் டேர் என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். பொத்தானில் இடம் போதவில்லை என்று அச்சகத்தார் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

சங்கரன்கோவிலிலிருந்து

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். களைதான் சரி. நிற்க, அதே கையேட்டில் ‘நிகர எடை’ என்று இருக்குமே? நிகரம் என்றால் குவியல், மொத்தம். கழித்த பிறகு நிற்பதற்கு மொத்தம் என்றா பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.