மறு: பயோஃபவுலிங் – ‘உயிரிப்பற்று’ சரியாக வருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கப்பலடி, தூண், குழாய் என்று நீரில் நனைந்திருக்கும் பரப்புகளில் உயிரினங்கள் ஒட்டி மண்டுவதுதான் பயோஃபவுலிங் (biofouling). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை உயிரிமாசு, உயிரிக்கறை, ஒட்டுயிர்ப்படிவு. அப்புறம், ‘பாசி பிடித்தல்’ என்றே விட்டுவிடலாமே என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நான்குமே ஒட்டவில்லை.

பாசியை முதலில் பார்ப்போம். மிதக்கும் ஜெட்டியின் (படகு கட்டும் மேடையின்) ஓரத்தில் வெயில் படும் இடத்தில் பச்சையாகத் தெரிவது பாசிதான், சரி. ஆனால் அடிப்பக்கம் நிழல், அங்கே பாசிக்கு வேலை குறைவு, முழுக்க விலங்குகள்: கொட்டலசு (பார்னக்கிள் என்னும் ஓடுள்ள சிறு பிராணி), மட்டி, கடற்பஞ்சு, கடற்சாமந்தி, சுண்ணாம்புக் குழாய் கட்டி அதற்குள் குடியிருக்கும் புழு, விரலால் அழுத்தினால் தண்ணீரைப் பீச்சியடிக்கும் தொளதொளப்பான ஒரு பிராணி. பாசி என்றால் இவ்வளவு பேரும் விடுபட்டுப்போவார்கள்.

மிதவையில் மட்டும் ஏன் இப்படி மண்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நட்டு வைத்த தூணில் நீர் வற்றும்போது மேல்பகுதி காய்ந்துபோகும், அதைத் தாங்குகிறவை மட்டும்தான் மேலே இருக்க முடியும். மிதவையோ தண்ணீரோடு ஏறி இறங்குவதால் அதன் அடிப்பக்கம் எப்போதும் ஒரே ஆழத்தில் நனைந்தபடி இருக்கும், தரையிலிருந்து ஊர்ந்து வந்து தின்னும் நட்சத்திர மீனுக்கும் ஏறி வர வழி கிடையாது. வெளியூர் இனங்கள் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் முதலில் படகுத்துறை மிதவைகளைத் தேடிப் போவது இதனால்தான்.

அடுத்து மாசு, கறை. கப்பல்காரருக்கு அது தொல்லைதான், உரசல் கூடும், எண்ணெய்ச் செலவு ஏறும். ஆனால் ‘கடல் மாசு’ என்றாலே நமக்கு எண்ணெய்க் கசிவும் சாக்கடையும்தானே ஞாபகம் வரும்? ‘உயிரிமாசு’ என்று எழுதினால் தண்ணீரில் கிருமி கலந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள். 2011 மார்ச் சுனாமியில் ஜப்பானின் மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போன மிதவை ஒன்று, பசிபிக்கைக் கடந்து 2012 ஜூனில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நியூபோர்ட் அருகே அகேட் கடற்கரையில் ஒதுங்கியது. ஏறக்குறைய 20 மீட்டர் நீளம். மேலே ஜப்பானியர் உண்ணும் வக்காமே கடற்பாசி முதல் நண்டு வரை உயிரோடு இருந்தன. அங்கிருந்தவர்கள் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மிதவையைத் தீச்சுவாலையால் பொசுக்கி, சுரண்டியதை மணலில் ஆழமாகப் புதைத்தார்கள். அழுக்கு என்பதற்காகவா இவ்வளவும்? இல்லை, உயிரோடு வந்து இறங்கிவிட்டது என்பதுதான் பயம். சுனாமிச் சிதைவுகளில் தொற்றி வந்த ஜப்பானிய இனங்கள் மட்டும் 289 என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. இதை எழுதும்போது ‘கறை’ என்று எப்படிப் போடுவது?

‘ஒட்டுயிர்’ என்றதும் எனக்கு ஒட்டுண்ணிதான் கண்ணில் படுகிறது. கொட்டலசு மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, அதற்குத் தேவை இடம் மட்டுமே. இளம்பருவத்தில் தன் இரண்டு உணர்கொம்புகளால் பரப்பின் மேல் நடந்து நடந்து சோதித்துப் பார்க்கும், இடம் பிடித்துப்போனால் தலைகீழாக நின்று பசையை விட்டு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நகர்வே கிடையாது, சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, கால்களை வெளியே வீசி வீசி இரையை வாரிக்கொள்ளும். ‘படிவு’ என்பது தானாக வந்து தங்கும் வண்டலுக்குச் சரி, இப்படிப் பார்த்துப் பார்த்துக் குடியேறுகிறதற்குச் சரிவராது.

என் பரிந்துரை: உயிரிப்பற்று. வீட்டில் பத்துப்பாத்திரம் என்கிறோமே, அது பற்றுப்பாத்திரம்தான். காய்ந்து இறுகியதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், ஜெட்டி அடியிலும் அதே பாடுதான். இதிலிருந்து பற்றுயிரி, பற்றுநீக்கம், பற்றுத்தடைப் பூச்சு என்று கிளைகளும் சிக்கலில்லாமல் வரும். உயிரிகள் ஒட்டாமலிருக்கக் கப்பலடியில் அடிக்கும் பூச்சுக்கு ஒரு சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சு கலந்த பூச்சுகளுக்கான உலகளாவிய தடை 2008இல் நடைமுறைக்கு வந்த கதையை அது இல்லாமல் எழுதவே முடியாது.

‘கடற்பற்று’ என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம், மொழிப்பற்று மாதிரி கடல் மேல் பாசம் என்று ஆகிவிடும், ஆற்றுநீர்க் குழாயில் அடைக்கும் மட்டிக்கும் பொருந்தாது. அதே மாதிரி தட்டச்சில் ‘உயிர்ப்பற்று’ என்று எழுதிவிடாதீர்கள், அது சாக மனமில்லாதவர் சமாச்சாரம்!

இனங்களின் பெயரில் மட்டும் நாம் அவசரப்பட வேண்டாம். எண்ணூர், பழவேற்காடு பக்கம் கழிமுகத் தரையை மூடி இறால் தொழிலைக் கெடுக்கும் தென் அமெரிக்க மட்டிக்கு மீனவர்களே ‘காக்கா ஆழி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிங்கப்பூரின் மிதவை மீன்பண்ணைகளிலும் மண்டியது இதே இனம்தான். நாம் உட்கார்ந்து ‘கரும் அயல்மட்டி’ என்று ஏதாவது செய்வதை விட அது எவ்வளவோ மேல்.

மிதக்கும் ஜெட்டிக்கு இழையில் சொல்லப்பட்ட ‘மிதவைத்துறை’க்கு ஒரு சின்ன மறுப்பு: கப்பலைத் தூக்கி வைத்துப் பழுதுபார்க்கும் மிதக்கும் உலர்துறையோடு குழம்பும். ‘மிதவை மேடை’ போதும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தண்ணீர் பீச்சும் பிராணிக்குக் கரையில் என்ன பெயர்? தூத்துக்குடி, பாம்பன் பக்கத்து நண்பர்கள் சங்கு குளிக்கிறவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அது வரட்டும், நம் சொற்பட்டியலில் அந்த வரியைக் காலியாக வைத்திருக்கிறேன்.