புதுப்பிப்பு: அம்மா கோணேசரைக் கும்பிட்டுவிட்டார்

முழங்கால் வலியுள்ள அம்மாவை, இலங்கையின் திருகோணமலையில் குன்றின் மேலிருக்கும் சிவன் கோயிலான திருக்கோணேஸ்வரத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். விடியவே போகச் சொன்னவர்களுக்கு நன்றி. வெயில் ஏறுமுன் தரிசனம் முடிந்தது. கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பழைய கோட்டைக்குள்ளால் ஆட்டோவில் ஏறி, மிச்சத்தை என் கையைப் பிடித்தபடி நடந்தார்.

இறங்கும்போது கோட்டை வாசலில் நிறுத்தினோம். அங்கே கல்லில் செதுக்கிய இரட்டை மீனும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. போர்த்துக்கீசர் 1622இல் இடித்த கோயிலின் கல் அது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன் நின்று கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவுக்குப் போனோம். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி அம்மாவின் முழங்காலில் ஊற்றினேன். “இன்னும் ஒரு வாளி ஊற்று” என்றார்.