துண்டு துண்டாகப் பார்த்த முகங்கள்: சினிமா போஸ்டர், பேனர் அனுபவங்கள்

பேனர்க்காரர் மகன்:

எட்டு வயதில் ஒரு கண்ணைப் பார்த்துப் பயந்தேன். ஒற்றைக் கண். தரையில் கிடந்தது. பக்கத்தில் நான் படுத்தால் கருவிழி அளவுக்குத்தான் வருவேன்.

அப்பா வேலை பார்த்த பேனர் கொட்டகை அது. அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரையோடு இருந்தது. கோடை விடுமுறையில் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கேரியரோடு உள்ளே நுழைந்தால் வஜ்ஜிரப் பசை, மண்ணெண்ணெய், லின்சீட் எண்ணெய் மூன்றும் கலந்த வாடை வரும். அன்று அந்தக் கண் ஈரமாக இருந்தது. “மிதிச்சிடாதடா, இன்னும் காயல” என்றார் அப்பா. யாருடைய கண் என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமை வந்து பாரு” என்று மட்டும் சொன்னார்.

காடாத் துணியை ரீப்பர் மரச் சட்டத்தில் இழுத்து அடிப்பார்கள். வஜ்ஜிரத்தைக் காய்ச்சி வெள்ளைப் பொடி கலந்து பூசி, காயவைத்து, நூல் அடித்துக் கட்டம் போடுவார்கள். படக் கம்பெனி கொடுத்த ஸ்டில் போட்டோவிலும் அதே கணக்கில் பென்சில் கட்டங்கள் இருக்கும். போட்டோவில் ஓர் அங்குலம் என்றால் துணியில் ஓர் அடி, இரண்டு அடி. கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கரியால் கோடு இழுப்பார்கள். கொட்டகையில் முழு முகத்தையும் நிறுத்த இடம் கிடையாது. நெற்றி ஒரு சட்டத்தில், கண் இன்னொன்றில், தாடை வெளியே வேப்பமரத்தடியில் என்று கிடக்கும். முகத்தைக் கொட்டகையின் மூத்த ஓவியரான பெரியவர்தான் போடுவார். அவரைத் தவிர யாரும் முகத்தில் தூரிகை வைக்கக் கூடாது. அப்பா சட்டைக்காரர். சட்டை, வேட்டி, பின்னால் தெரியும் மலை, மேகம் எல்லாம் அவர் கை.

வெள்ளிக்கிழமை தியேட்டர் வாசலுக்குப் போனேன். சவுக்குக் கட்டைச் சாரத்தில் கயிறு கட்டி ஒவ்வொரு சட்டமாக மேலே ஏற்றினார்கள். கடைசிச் சட்டம் ஏறிய பிறகுதான் அது முகமானது. கொட்டகையில் பார்த்தபோது கன்னம் முழுக்கப் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் அள்ளி அப்பியிருந்தது, எனக்கு அசிங்கமாகக்கூடத் தெரிந்தது. எதிர் நடைபாதையிலிருந்து பார்த்தால் அதே பச்சை நிழலாகிவிட்டது. தலைப்பு எழுத்தில் ஒட்டிய ஜிகினா காற்றில் ஆடி மின்னியது. அன்று படத்துக்குப் போகவில்லை. இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

கல்லச்சு:

நான் சிவகாசி. இப்போ எழுபதைத் தாண்டியாச்சு. உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு மஞ்ச மூஞ்சி ஞாபகம் வந்துச்சு.

சின்ன வயசுல லித்தோ ஆபீஸ்ல, அதாவது கல்லச்சு அச்சகத்துல, எடுபிடியாச் சேர்ந்தேன். கல்லுல படம் போடுறதைக் கண்ணால பார்த்த கடைசி ஆளுகள்ல நானும் ஒருத்தன். ஜெர்மனியில பவேரியாப் பக்கம் வெட்டி எடுக்குற சுண்ணாம்புக் கல்லு அது. தூக்க ரெண்டு ஆள் வேணும். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கிற ஒரே விஷயத்தை வச்சு அத்தனை வேலையும் நடக்கும். கொழுப்புக் கலந்த மைக்கட்டியால கல்லுல வரையணும். வேலம்பிசினும் கொஞ்சம் அமிலமும் தடவி ஊற வைக்கணும். அப்புறம் தண்ணி தொட்டுத் துடைச்சா வெறுங்கல்லு தண்ணியைக் குடிக்கும், வரைஞ்ச இடம் குடிக்காது. மை உருளையை ஓட்டினா வரைஞ்ச இடம் மட்டும் மையைப் பிடிக்கும். வேலை முடிஞ்சதும் ரெண்டு கல்லை ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, மணலும் தண்ணியும் போட்டுத் தேய்க்கணும். போன மாசத்து ஹீரோ போயிருவாரு, கல்லு புதுசாயிரும். எனக்கு முதல்ல கொடுத்த வேலையே அந்தத் தேய்ப்புதான்.

எழுத்தெல்லாம் திருப்பி எழுதணும், கண்ணாடியில பார்க்குற மாதிரி. எங்க ஆர்ட்டிஸ்ட் ‘ழ’வை வலமிருந்து இடமா ஒரே இழுப்புல இழுப்பாரு. நேரா எழுதச் சொன்னாத்தான் தடுமாறுவாரு. ஆஃப்செட் அச்சு மிஷின் வந்த பிறகு படம் முதல்ல ரப்பர்ல விழுந்து பேப்பருக்குப் போறதால திருப்பி எழுதுற அவசியம் போயிருச்சு.

கலர் பிரிக்கிறதும் கண் கணக்குதான். மஞ்சளுக்கு ஒரு கல்லு, சிவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு, கறுப்புக்கு ஒண்ணு. அந்த உதட்டுக்கு எத்தனை மஞ்ச வேணும், எத்தனை சிவப்பு வேணும்னு மனசுக்குள்ளயே பிரிச்சு, நாலு கல்லுலயும் தனித்தனியாப் போடணும். முதல்ல மஞ்ச ஓடும். அடுக்கடுக்கா மஞ்ச மூஞ்சியா வந்து விழும். கண்ணு தெளிவா இருக்காது, மீசையும் இருக்காது, காமாலை வந்த மாதிரி இருக்கும். மறுநாள் சிவப்பு ஏறும். கடைசியாக் கறுப்பு விழுந்ததும் அந்த ஆளு முழிச்சுப் பார்ப்பாரு. ஓரத்துல போட்ட கூட்டல் குறி மேல குறி சரியா உக்காரலைன்னா உதடு உதட்டைவிட்டு வெளிய நிக்கும். அந்த மாதிரி கழிஞ்ச ஷீட்டுலதான் எங்க ஊர்ப் பிள்ளைக நோட்டுக்கு அட்டை போட்டுச்சுக.

போஸ்டர் அடியில பொடி எழுத்துல பிரஸ் பேரும் ஊரும் இருக்கும், கவனிச்சிருப்பீங்க. 1867-ல வந்த சட்டப்படி அப்பெல்லாம் அச்சடிச்சவன் பேரு போட்டே ஆகணும். டிசைன் போட்டவரும் மூலையில கையெழுத்துப் போட்டிருப்பாரு. கலர் பிரிச்சவன் பேரு எங்கயும் வந்ததில்ல.

வைகை சைக்கிள்:

ஐயா, நீங்க நாலு கலரை ஒட்ட வச்சீங்க. நான் நாலு ஷீட்டை ஒட்டுனவன். மதுரையில பதினொரு வருசம்.

ஒரு ஷீட்டு முப்பதுக்கு நாப்பது அங்குலம். நாலு ஷீட் போஸ்டர்ல மூஞ்சியைப் பெருசாப் போட்டா, நாலும் சேர்ற முனை சரியா மூக்குலதான் வந்து நிக்கும். கால் அங்குலம் தப்புனா மூக்கு ஒடிஞ்சிரும். அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல, தெருவிளக்கு வெளிச்சத்துல, ஏணி மேல நின்னு ஒட்டணும். ஒருக்கா ஒரு ஹீரோவுக்குக் கன்னம் ஒரு பக்கம் இறங்கிப்போச்சு. விடிஞ்சதும் ரசிகர் மன்றத்துப் பயலுக சைக்கிளை மறிச்சுட்டானுக. அழுகாத குறையா மறுபடி ஒட்டிக் கொடுத்துட்டு வந்தேன்.

பசை நாங்களே காய்ச்சுவோம். மைதாவைக் கட்டி இல்லாமக் கரைச்சுக் கொதிக்க விட்டு, மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம். துத்தம் போடலைன்னா பூச்சி அரிக்கும், மாடு கிழிச்சுத் தின்னுரும். முதல்ல சுவத்துல ஒரு பூச்சு, அப்புறம் ஷீட்டு, அதுக்கு மேல இன்னொரு பூச்சு. கீழ் ஷீட்டை முதல்ல ஒட்டி, மேல் ஷீட்டை அதுமேல ஏத்தி ஒட்டணும், ஓடு மேயுற மாதிரி. அப்பத்தான் மழைத்தண்ணி உள்ள இறங்காம வழிஞ்சு போகும். இதைச் சொல்லிக்கொடுத்த அண்ணன் இப்ப இல்ல.

எனக்கு மனசுல நிக்கிறது புதுப்பட போஸ்டர் இல்ல. ‘இன்றே கடைசி’ன்னு ஒரு துண்டுச் சீட்டு தருவாங்க. நாங்களே ஒட்டுன போஸ்டர் மேல குறுக்க ஒட்டணும். ஒரு வாரமாத் தினம் பார்த்த மூஞ்சி. கண்ணை மறைக்காமக் கழுத்துக்குக் கீழதான் நான் ஒட்டுவேன்.

செங்கை வாசகி:

எங்கள் ஊருக்கு டென்ட் கொட்டகைதான். மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, அதில் போஸ்டர் ஒட்டி, மைக் வைத்துக்கொண்டு வருவார்கள். பிட் நோட்டீசுக்காக வண்டியின் பின்னால் ஓடியிருக்கிறேன். ரோஸ் நிற நோட்டீஸ் கிடைத்தால் அன்று முழுக்கச் சந்தோஷம். வண்டி தூரத்தில் திரும்பும்போது ஒரு பக்கத் தட்டியில் கதாநாயகி மட்டும் தெரிவாள், மறுபக்கம் கதாநாயகன் மட்டும். இருவரையும் ஒன்றாகப் பார்க்க ராத்திரி கொட்டகைக்குத்தான் போக வேண்டும்.

மனோகராச் சந்தி:

நான் யாழ்ப்பாணம். எங்கட ஊரிலயும் கட்டவுட் இருந்தது. வின்சர், ராணி, மனோகரா, ஸ்ரீதர் எண்டு தியேட்டருகள். இந்தியாப் படம் வந்தால் எங்கட ஓவியர்மாரே பலகையில வெட்டிக் கீறி வாசலில நிப்பாட்டுவினம். சின்னனில ஐயாவின்ர சைக்கிள் பாரில இருந்துகொண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு போவன்.

1990-க்குப் பிறகு சண்டையால கரண்ட் இல்லை, தியேட்டருகளும் பூட்டுத்தான். எங்கட வளவுக்குள்ள பங்கர் வெட்டேக்க ஐயா எங்கயோ இருந்து ஒரு பெரிய பிளைவூட் துண்டு கொண்டு வந்தவர். வாசலுக்குச் சாத்தினது. ஒரு பக்கம் வெறும் பலகை. உள்பக்கம் ஒரு காதும், சுருள் முடியும், கன்னத்தில கொஞ்சமும். ஷெல் அடிக்கேக்க நானும் தங்கச்சியும் அந்தக் காதுக்குப் பக்கத்திலதான் குந்திக்கொண்டு இருப்பம். தங்கச்சி அந்தக் காதுக்குள்ள ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருப்பாள். என்ன சொன்னவள் எண்டு நான் கேட்டதில்லை. 95-இல இடம்பெயரேக்க அப்பிடியே விட்டிட்டு வந்தனாங்கள்.

பேனர்க்காரர் மகன்:

படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பகிர்ந்ததற்கு நன்றி.

சுவரோவியன்:

நானும் பேனர்க் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவன். எங்கள் தொழிலில் 1957-ஐச் சொல்லாமல் பேச்சு தொடங்காது. அந்த வருடம் ‘வணங்காமுடி’ படத்துக்கு சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர்க் கம்பெனி நிறுத்திய சிவாஜி கட்டவுட்டைப் பற்றி என் குரு கைகளை விரித்து விரித்துச் சொல்வார். ஓவியர் கே. மாதவன் பேனரும் போட்டார், காலண்டரும் போட்டார், பத்திரிகை அட்டையும் போட்டார். அவருடைய முகங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கெல்லாம் கை படிந்தது.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. நாங்கள் ஒரு வாரம் செய்ததை மிஷின் ஒரு ராத்திரியில் துப்பிவிடும். முதலாளிகளைக் குறை சொல்ல மாட்டேன், செலவு கணக்கு அப்படி. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிளெக்ஸில் வருவது போட்டோவின் தோல். அதைக் கிட்ட வைத்துப் பார்க்கத்தான் எடுத்திருப்பார்கள். நாங்கள் தூரத்துக்காகவே நிறம் வைத்தோம். மூக்கின் ஓரத்தில் ஒரு நீலத்தைத் தைரியமாக இழுத்தால்தான் பஸ்ஸில் போகிறவனுக்கு மூக்கு எடுப்பாகத் தெரியும். அந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்க முடியாது. வரைந்துவிட்டு ரோட்டைக் கடந்து போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு முகத்துக்கு இருபது தடவையாவது ரோட்டைக் கடந்திருப்பேன்.

வேலை போய் சில வருடம் கடைப் பலகை எழுதினேன். 2009-இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொல்லி, சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டு ஓவியங்கள் வரைய எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டது. அதே அண்ணா சாலை. நாற்பது அடி முகம் போட்ட கை, இடுப்பு உயரச் சுவரில் கோயிலும் காளையும் நாட்டியப் பெண்ணும் போட்டது. முதல் நாள் நான் போட்ட பெண்ணின் கன்னத்தில் பழக்கத்தில் பச்சை வைத்துவிட்டேன். நடந்து போகிறவர்கள் ஓர் அடி தூரத்தில் நின்று பார்க்கிறார்கள், அவர்களுக்கு அது பச்சையாகவே தெரிந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஐம்பது வயதில் பக்கத்துப் பார்வைக்கு வரையக் கற்றுக்கொண்டேன்.

லேயர் நம்பர் 40:

நான் இந்தக் கால ஆள், டிசைனர். போஸ்டரை முதலில் போன் திரையில்தான் பார்க்கிறார்கள், அதனால் விரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்த்துத்தான் அனுப்புவேன். எங்களுக்கும் முகம் முழுதாகக் கிடைப்பதில்லை. தலை ஒரு ஷூட்டில், உடம்பு வேறொரு ஆளுடையது, முடி தனி, வானம் தனி. ஃபோட்டோஷாப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக நாற்பது லேயர். ரோட்டைக் கடந்து போய்ப் பார்த்தேன் என்று மேலே ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு அறைக் கோடிக்குப் போய்ப் பார்த்தேன். கண்களுக்குக் கீழே மூன்று இடத்தில் மாற்றினேன்.

கல்கத்தாவில் ஒரு கண்காட்சியில் சத்யஜித் ராய் போஸ்டர்களைப் பார்த்தேன். படம் எடுக்க வருவதற்கு முன் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தன் படங்களின் போஸ்டர்களையும் தானே வடிவமைத்தார், வங்காள எழுத்தையும் தானே வரைந்தார். 1960-இல் வந்த ‘தேவி’ போஸ்டரில் ஒரே பெண் முகம், பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அவ்வளவுதான். மருமகளைத் தெய்வமாக்கிவிட்ட வீட்டின் கதை அந்த இரண்டு பாதிக்குள் இருந்தது. அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். என் நாற்பது லேயரில் முப்பத்தைந்து எதற்கு என்று அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

பேனர்க்காரர் மகன்:

நேற்று அப்பாவிடம் இவ்வளவையும் படித்துக் காட்டினேன். எண்பத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. பங்கர் பதிவை மட்டும் மூன்றாவது தடவை படிக்கச் சொன்னார்.

பிறகு கேட்டேன், அன்று தரையில் கிடந்த கண் யாருடையது என்று. யோசித்தார். படப் பெயரும் வரவில்லை, நடிகரும் வரவில்லை. பெரியவர் போட்ட கண் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

“நீலச் சட்டை” என்றார் கொஞ்சம் கழித்து. “மடிச்ச கை. மேல ஏத்தின பிறகுதான் பார்த்தேன், பொத்தான் நாலுதான் போட்டிருக்கேன். போட்டோவுல அஞ்சு. பெரியவர்கிட்டச் சொன்னேன். யாரும் எண்ண மாட்டாங்க, விடுன்னார்.”

ஐந்து வாரம் அந்த பேனர் அங்கே நின்றதாம். தினமும் வேலைக்குப் போகும்போது அப்பா எதிர் நடைபாதையில் போகாமல் தியேட்டரை ஒட்டியே நடந்து போயிருக்கிறார்.