சிங்கப்பூர் – நியூயார்க்: 15,350 கிலோமீட்டருக்கு ஏன் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல்?

கேள்வி:
ஜனவரியில் என் தாயார் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் தனியாக வருகிறார். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 15,350 கி.மீ. என்று இணையத்தில் பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் பதினேழு மணி நேரம்தானே ஆக வேண்டும்? பயணச்சீட்டில் 18 மணி 40 நிமிடம் என்றிருக்கிறது. அதைவிட வியப்பு, நள்ளிரவு கடந்து 12.30-க்குப் புறப்படும் விமானம் அதே தேதியில் காலை 6.10-க்கு இறங்குவதாகப் போட்டிருப்பது. இது அச்சுப்பிழையா?

முதல் பதில்:
பிழை இல்லை. நீங்கள் பார்த்த தூரம், உருண்டையான பூமியின் மேல் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளமே தவிர, விமானம் உண்மையில் பறக்கும் பாதையின் நீளம் அன்று. சிங்கப்பூர் ஏறத்தாழ கிழக்கு 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், அந்தக் குறுக்கு வழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. வீட்டில் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களின் மேலும் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் தானாகவே நழுவித் துருவத்தருகே போய் நிற்கும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, ஆக 138, பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் உங்கள் எண் வந்துவிடும்.

இரண்டாம் பதில்:
நேரத்தை முடிவு செய்வதில் தூரத்துக்கு இருக்கும் அதே பங்கு காற்றுக்கும் உண்டு. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டி மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல் வீசும். அதைப் பின்காற்றாகப் பிடித்துக்கொள்வதற்காகவே நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியாகச் சுற்றிப் போகிறது. சென்ற குளிர்காலத்தில் நான் போனபோது, இருக்கைத் திரையில் தரைவேகம் 1,100-ஐத் தாண்டியதைக் கண்டேன். திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருவதால், போய் வருபவர் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்! சீட்டில் உள்ள நேரம் வாயிலிலிருந்து வாயில் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தேதிக் கணக்குதான் இன்னும் பிடிபடவில்லை.

முதல் பதிலளித்தவர்:
12.30-உடன் 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் அன்று மாலை 7.10. ஜனவரியில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே காலை 6.10. கோடையில் வித்தியாசம் 12 மணி நேரமாகக் குறையும். திரும்பும்போது இது தலைகீழாகும்: 15-ஆம் தேதி இரவு 10.30-க்கு ஏறினால் சாங்கியில் இறங்குவது 17-ஆம் தேதி காலையில். அழைத்து வரச் செல்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவைத்தால், இன்னும் எத்தனை மணி நேரம் என்று அவரே எண்ணிக்கொள்வார்.