ஓவர்லோடு லாரி மோதினால் இழப்பீடு யார் தலையில்?

குமரிக்காரன்:
2025 நவம்பர் 3 அன்று தெலங்கானாவின் செவெல்லா பக்கத்தில் ஜல்லி ஏற்றிய டிப்பர் அரசுப் பேருந்தில் மோதி, பயணிகள் மேல் ஜல்லி சரிந்து 19 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்ததாக அப்போதே பேச்சு எழுந்தது. மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகும் டிப்பர்களைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அனுமதித்த எடையை மீறி ஏற்றிய வண்டி ஆளைக் கொன்றால், வண்டி முதலாளி தன் சொத்தை விற்றாவது பணம் தர வேண்டும் என்பேன். எப்படியும் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும் என்ற தைரியத்தில்தான் இப்படி ஏற்றுகிறார்கள்.

நாமக்கல் லாரிக்காரர்:
அந்தத் தைரியம் எங்களுக்கு எங்கிருந்து வருமுங்க? ஓவர்லோடில் வண்டி கவிழ்ந்தால் சொந்தச் சேதத்துக்கு 75 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள். செக்கிங்கில் பிடித்தால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் கணக்கு. வாடகையை டன்னுக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். டீசல், டோல், மாதத் தவணை போக நிற்க வேண்டுமென்றால் குவாரிக்காரர் சொல்கிற எடையை ஏற்றித்தான் ஆக வேண்டும். நான் மறுத்தால் பின்னால் நிற்கிற வண்டியில் ஏறும். 2018-இல் மூன்று ஆக்சில் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆக்கினார்கள். அதனால் எங்கள் நெருக்கடி தீர்ந்ததா? கூடுதல் எடைக்கும் சேர்த்து வாடகையைத்தான் குறைத்தார்கள்.

குமரிக்காரன்:
உங்கள் நெருக்கடிக்கு எதிரே பைக்கில் வந்தவர் ஏன் சாக வேண்டும் அண்ணே? என் அக்காவின் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். மறுநாள் காலையிலேயே லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனை டன் இருந்தது என்று எழுதி வைக்க ஆளில்லை.

தீர்ப்பாய வழக்கறிஞர்:
தம்பியின் கோபம் நியாயம். ஆனால் முதலாளி மட்டும்தான் தர வேண்டும் என்றால் அவர் அக்காவின் கையில் ஒன்றும் வராது. ஒரே வண்டி, அதுவும் ஃபைனான்ஸில் என்று இருப்பவரிடம் எதை ஜப்தி செய்வது?

தொகை எவ்வளவு என்று பாருங்கள். இறந்தவருக்கு வயது 35, சொந்தத் தொழிலில் மாதம் 20,000 வருமானம், மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. ஆக 40,32,000 ரூபாய், இறுதிச் சடங்குச் செலவு போன்ற மற்ற தலைப்புகள் தனி. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. அரசு அறிவிக்கிற நிவாரணம் இதில் ஒரு சிறு பங்குதான். தவறை நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் 5 லட்சம் வாங்கலாம், ஆனால் அதை ஏற்றால் கதை அங்கேயே முடிந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சட்டம் சில காரணங்களைத்தான் அனுமதிக்கிறது. உரிமம் இல்லாமை, குடிபோதை, பர்மிட்டில் இல்லாத காரியத்துக்கு ஓட்டியது போன்றவை. சரக்கு எடை கூடியது அந்தப் பட்டியலில் இல்லை.

காப்பீட்டுத்துறை ஓய்வு:
இல்லாதது சட்டத்தின் குறை என்பேன். சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் (விபத்தில் பாதிக்கப்படும் வெளியாள்) பிரீமியத்தை மொத்த எடையை வைத்துத்தான் போடுகிறோம். 25 டன்னுக்குப் பணம் வாங்கி 40 டன் வண்டியின் அபாயத்தைச் சுமப்பது எப்படி நியாயம்? அந்தச் சுமை கடைசியில் ஒழுங்காக ஏற்றுகிறவர்களின் பிரீமியத்தில் வந்து விழுகிறது. பேருந்தில் கூடுதலாக ஏறிய பயணிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் 2007 அஞ்சனா ஷ்யாம் தீர்ப்பு கம்பெனியின் பொறுப்புக்கு எல்லை வைத்தது. சரக்குக்கும் அது வரட்டும். குறைந்தது, குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும் உரிமையாவது வேண்டும்.

தீர்ப்பாய வழக்கறிஞர்:
சார், அந்தத் தீர்ப்பு வண்டிக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை பற்றியது. சாலையில் போனவர் வண்டியின் எடையை எப்படி அறிவார்? முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலியுங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லை வைப்பதைத்தான் ஏற்கமாட்டேன்.

பழைய டிரைவர்:
வழக்கு என்று வந்தால் ஸ்டேஷனில் உட்காருவது டிரைவர்தான். கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-இல் 5 ஆண்டு வரை சிறை. லோடு ஏற்றும்போது கேபினை விட்டு இறங்கக்கூட விடாத குவாரிகள் உண்டு. எடை எவ்வளவு என்று எங்களிடம் யார் கேட்டார்கள்? பிரேக் மிதித்தால் வண்டி நிற்காமல் தள்ளிக்கொண்டு போகும். அப்போதுதான் எங்களுக்கே தெரியும்.

நாமக்கல் லாரிக்காரர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். ஏற்றிவிட்டவரையும் வழக்கில் சேருங்கள். முழுப் பழியும் ஆர்சியில் பெயர் உள்ளவருக்கே என்றால் ஓவர்லோடு நிற்காது.

தீர்ப்பாய வழக்கறிஞர்:
மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓவர்லோடுக்கு அபராதம் விதிக்கிற 194-ஆம் பிரிவு ஓட்டுகிறவரோடு, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் குவாரி, ஜல்லி உடைக்கிற க்ரஷர் தப்ப வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 113(4) உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் கருதலாம் என்கிறது. குவாரிக்கு அப்படி ஓர் அனுமானம் இல்லை, அதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு வண்டி போகலாம் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2005-லேயே ஏற்கவில்லை. கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். நடைமுறையில் எத்தனை இடத்தில் இறக்குகிறார்கள்? என் ஆத்திரம் அங்கேதான்.

குமரிக்காரன்:
சரி ஐயா, ஓவர்லோடு என்று நிரூபித்தால் தொகை கூடுமா?

தீர்ப்பாய வழக்கறிஞர்:
அதிகமாகாது. ஆனால் குறைக்க விடாது. பைக்காரர் வேகமாக வந்தார், அவர் மேலும் பாதித் தவறு என்று கம்பெனி வாதாடும். அப்போது எடைமேடைச் சீட்டு கையில் இருந்தால் அந்த வாதம் பலவீனப்படும். போலீசாரிடம் லோடை இறக்கும் முன் எடை போடச் சொல்லி அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். அது தவறிப்போனால், சரக்கை எடுத்துச்செல்லக் கனிமத்துறை தருகிற நடைச்சீட்டு, குவாரியின் எடைமேடைப் பதிவு, டோல்கேட் பதிவு ஆகியவற்றை வரவழைக்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், அதற்கு அதிகாரம் உண்டு. குடும்பம் வசிக்கிற ஊரின் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். சட்டத்தில் இப்போது 6 மாதக் கெடு இருக்கிறது, அதற்குள் போட்டுவிடச் சொல்லுங்கள்.

நாமக்கல் லாரிக்காரர்:
தம்பி, நடைச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள். அதில் அனுமதித்த அளவைத்தான் எழுதியிருப்பார்கள். பணம் வாங்க க்ரஷரில் போடுகிற பில் தனியாக இருக்கும், உண்மையான டன் அதில்தான் இருக்கும். அதைக் கேட்டு மனு போடச் சொல்லுங்கள்.